விழுந்தது ஏன் என்று கேட்போம்



வழக்கமாக இப்பகுதியில் மொழியைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் எழுதிவரும் நான், இவ்வாரம் மின்சாரத்தால் பறக்கும் ஒரு சிறிய மாதிரி விமானத்தைப் பற்றி எழுதப்போகின்றேன். கலைப்பட்டதாரியான ஒரு பழைய தமிழாசிரியனுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை வரையில் எனக்கும் அதற்கும் எத்தகைய தொடர்பும் இருந்ததில்லை.

நியூஜேர்சி மாநிலத்தில், எடிசன் நகருக்கு அண்மையில், என் தம்பியின் குடும்பத்தோடு நான் வசித்து வருகின்றேன். மின்குமிழை உலகுக்குப் பரப்பிய தோமஸ் எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுகூடம் இருந்த இடம் என்பதால் அந்நகருக்கு அவருடைய பெயர் வந்தது. தம்பியின் மகன், அதாவது என் பெறாமகன், பதினான்கு வயதுப் பையன். அந்த விடுமுறையில் அவன் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ வெட்டுவதும் ஒட்டுவதுமாக இருந்தான். ஒரு வாரத்தின் பின் கதவைத் திறந்து, “பெரியப்பா, இங்கை வந்து பாருங்கோ” என்றான். கட்டிலின்மேல், ஒரு மீற்றர் நீளச் சிறகோடு, வெள்ளை வெளேரென்று ஒரு விமானம் கிடந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது. தம்பிக்கோ முகம் கறுத்துவிட்டது.

அவனுடைய மனம் எனக்கு விளங்கும். நாங்கள் இருவரும் வளர்ந்த காலத்தில், எங்கள் ஊரில் வானத்தில் இரைச்சல் கேட்டால் எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பதுங்குகுழி எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்போம். அமெரிக்காவுக்கு வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும், நூவாக் விமான நிலையத்தில் இறங்கவரும் விமானம் சற்றுத் தாழ்ந்து பறந்தால் தம்பியின் தோள்கள் தாமாகவே ஒடுங்குவதை நான் கண்டிருக்கின்றேன். தன் மகன் எதையும் செய்யட்டும், விமானம் மட்டும் வேண்டாம் என்று அவன் நினைத்ததில் வியப்பில்லை. “வேறை விளையாட்டே கிடைக்கேல்லையோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

விமானம் எவற்றால் ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன். உடம்பும் சிறகும், இரு பக்கமும் கடதாசி ஒட்டிய மெல்லிய ரெஜிபோம் அட்டை. மலிவு விலைக் கடைகளில் ஓரிரு டொலருக்கு ஒரு தாள் வாங்கலாம். ஒட்டுவதற்கு, சூடாக்கி உருக்கும் பசைக்கோல். சிறகை உடம்போடு பிணைக்க, குறுக்கே செருகிய மூங்கிற் குச்சிகளும் இறப்பர் பட்டிகளும். மூக்கில் ஒரு சிறு மோட்டார், அதன் முன்னே விசிறி. வாலின் கிடைத் தகட்டில் மேலும் கீழும் அசையும் ஒரு மடல், நிமிர்ந்த தகட்டில் ஒரு சுக்கான். இவ்விரண்டையும் இழுக்கவும் தள்ளவும் சேர்வோ எனப்படும் நகமளவுப் பொறிகள் இரண்டு. கையிலுள்ள பெட்டியிலிருந்து வரும் வானொலி அலையை ஏற்கும் ஒரு வாங்கி. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மின்கருவி. எல்லாவற்றுக்கும் உயிர்கொடுக்க ஒரு லித்தியம் பொலிமர் பற்றரி. யாவும் சேர்ந்து ஏறத்தாழ 700 கிராம். அதில் பற்றரி மாத்திரம் 180 கிராம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருங்கள். பின்னர் தேவைப்படும்.

கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு பொருளை இயக்கும் வித்தை புதியதன்று. 1898ஆம் ஆண்டில் நிக்கோலா ரெஸ்லா, நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயார் மண்டபத்தில் ஒரு சிறு படகை வானொலி அலையால் திருப்பிக் காட்டினார். மாதிரி விமானத்துக்கு அவ்வித்தை வந்து சேர்ந்தது 1930களில். மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வோல்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் 1937இல் ‘கஃப்’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டனர். அக்காலத்தவை எல்லாம் எரிபொருள் எஞ்சின்கள். மின்மோட்டாரால் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவைத்து வானொலியால் கட்டுப்படுத்தும் முயற்சி பிரித்தானியாவில் 1957 ஜூன் 30ஆம் திகதி கைகூடியது. கேணல் டப்ளின் என்பவரின் ‘ரேடியோ குயீன்’ அவ்விமானம். எனினும் மின்விமானம் அதன் பின்னரும் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. காரணம் பற்றரியின் பாரம். பறப்பதற்கு வேண்டிய சக்தியைக் கொடுக்கும் பற்றரியைத் தூக்கவே அந்தச் சக்தியின் பெரும்பகுதி செலவாயிற்று.

அந்தத் தடையை நீக்கிய லித்தியத்தின் கதையில் ஓர் அத்தியாயம் எங்கள் மாநிலத்திலேயே எழுதப்பட்டது. 1970களில் எக்ஸொன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், நியூஜேர்சியின் லிண்டன் நகரில், ஸ்ரான்லி விற்றிங்ஹம் என்பவர் மீள மின்னேற்றக்கூடிய லித்தியம் பற்றரியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். பின்னர் ஒக்ஸ்போட்டில் ஜோன் குடினஃப், யப்பானில் அகிரா யொஷினோ ஆகியோர் அதனை மேம்படுத்தினர். மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. குடினஃபுக்கு அப்போது வயது 97. லித்தியம் அயன் பற்றரியைச் சந்தைக்கு முதலிற் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991இல்.

1991! அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்த வாசகர்களுக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சாதாரண ரோர்ச் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். உலகின் ஒரு மூலையில் உள்ளங்கையளவு பற்றரி விற்பனைக்கு வந்த அதே ஆண்டில், இன்னொரு மூலையில் நாங்கள் சைக்கிள் சுற்றிக்கொண்டிருந்தோம். என் பெறாமகன் தன் பற்றரியை அலட்சியமாக மேசையில் வைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவனுக்குச் சொன்னேன். நம்பினானோ தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பற்றரியைக் கவனமாக வைக்கின்றான்.

இனி விமானம் விழுந்த கதைக்கு வருகின்றேன். அது மூன்று முறை விழுந்தது.

முதற் பறப்பு ஓகஸ்ட் மாதத்து ஒரு காலைவேளை. அதற்கு முதல்நாளே ஒரு சிறு தடங்கல் வந்தது. மோட்டாரை இயக்கினால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றை முன்னே தள்ளியது. இந்த மோட்டாருக்கு மூன்று கம்பிகள். அவற்றுள் ஏதேனும் இரண்டை இடம்மாற்றி இணைத்தால் சுழலும் திசை மாறிவிடும் என்பதைப் பையன் அறிந்திருந்தான். ஒரு நிமிட வேலை. இவ்வளவு எளிதாகப் பிழை தீருமானால் விமானம் விடுவது பெரிய வேலையன்று என்று நான் எண்ணினேன்.

காலையில் அவன் பெட்டியைப் பிடிக்க, நான் விமானத்தைக் கையால் எறிந்தேன். அது மூக்கை நிமிர்த்தி நேரே வானத்தை நோக்கி ஏறியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பின்பு ஒரு பக்கமாகச் சரிந்து, மூக்குக் குத்த நிலத்தில் விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடி இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியதும் தம்பி, “நான் சொன்னனான்தானே” என்றான். பையனோ, மோட்டாரின் வலு போதாது, பெரிய மோட்டார் வாங்கவேண்டும் என்றான். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் இருவர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன்.

அன்றிரவு எனக்குப் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்தியனுக்கு ஒரு வழி சொல்லியிருக்கின்றார். நோய் எதுவென்று தெளியவேண்டும். அது எதனால் வந்தது என்று தெளியவேண்டும். அதைத் தணிக்கும் வழியையும் தெளிந்து, பிறகே செயலில் இறங்கவேண்டும். இதனைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் கேள்வியாகவும் போட்டேன். ஆனால் நாங்கள் மூவரும் அன்று செய்தது என்ன? நோயைப் பார்த்தோம். காரணத்தைத் தேடாமலே, ஒருவன் மருந்து வாங்கச் சொன்னான், மற்றவன் நோயாளியைக் கைவிடச் சொன்னான்.

மறுநாள் பையனை அழைத்து, “விழுந்ததை விடு. விழமுன்னம் அது என்ன செய்தது?” என்று கேட்டேன். “மேலை போச்சுது.” “நீ மேலே போகச் சொன்னாயா?” “இல்லை.” அப்படியானால் வலு குறைவு என்பது காரணமாக இருக்க முடியாது. வலு குறைந்த விமானம் எப்படி நேரே மேலே ஏறும்? ஒரு பதில் கழிந்தது. அதுவரையில் எனக்குத் தெரிந்த தருக்கம் உதவியது. அதற்கு அப்பால் எனக்கு வழி தெரியவில்லை.

வழி காட்டியவன் நான் எதிர்பாராத ஆள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி உள்ளே வந்து, விமானத்தைத் தூக்கி, சிறகின் அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு விரல் நுனியை வைத்துத் தாங்கிப் பார்த்தான். வால் தாழ்ந்து தொங்கியது. “வால் இழுக்குதடா” என்றான்.

என் தம்பி சிறுவயதில் எங்கள் குறிச்சியிலேயே பெயர்பெற்ற பட்டக்காரன். தைப்பொங்கற் காலத்தில் கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று விதம்விதமாகக் கட்டுவான். முச்சை கட்டுவதில் அவனுக்கு நிகரில்லை. பட்டம் தலையாட்டினாலோ குத்தினாலோ ஈர்க்கைக் குறைசொல்ல மாட்டான், காற்றைக் குறைசொல்ல மாட்டான். முச்சைக் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, ஒரு விரற்கடை ஏற்றுவான் அல்லது இறக்குவான். அல்லது வாலை நீட்டுவான். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றமாட்டான். எது பலன்தந்தது என்று தெரியாமற் போய்விடும் என்பான். விஞ்ஞானம் படித்த ஆசிரியர்கள் அதனைப் பரிசோதனை முறை என்பார்கள். அவனுக்கு அது பட்டம் விடும் முறை.

விமானத்திலும் முச்சைக்கு ஒப்பான ஓர் இடம் உண்டு. அதுதான் பாரத்தின் மையம். இத்தகைய எளிய விமானத்தில், சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள அகலத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அது அமையவேண்டும். எங்கள் சிறகின் அகலம் 20 சென்ரிமீற்றர். எனவே முன்விளிம்பிலிருந்து 5 முதல் ஏறத்தாழ 6.7 சென்ரிமீற்றரில் விரல்வைத்தால் விமானம் சமமாக நிற்கவேண்டும். எங்களுடையது 8 சென்ரிமீற்றரில்தான் சமமாக நின்றது. பின்பாரம் மிகுந்த விமானம், சிறு காற்றுக்கும் மூக்கை மேலும் மேலும் தூக்கும். அதைத் திருத்தப் பறப்பவனுக்கு அவகாசமே கிடைக்காது. மூக்குப் பாரம் சற்றுக் கூடியதோ மந்தமாகவேனும் பறந்து திரும்பும்.

பரிகாரத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. விமானம் 700 கிராம், பற்றரி 180 கிராம். அதாவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆகவே பற்றரியை 4 சென்ரிமீற்றர் முன்னே நகர்த்தினால் மையம் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் முன்னேறும். கணக்குப் போட்டு, பற்றரியை 10 சென்ரிமீற்றர் முன்னே மூக்குப் பக்கம் தள்ளினோம். மையம் ஐந்தரையில் வந்து நின்றது. பெரிய மோட்டார் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இன்னும் வேகமாக மேலே ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுந்திருக்கும்.

இரண்டாவது வீழ்ச்சி அடுத்த வாரம். மூக்கைத் திருத்தி ஒட்டும்போது வாற்பக்கத்துப் பொறிகளையும் கழற்றிப் பூட்டியிருந்தோம். இம்முறை விமானம் அழகாக ஏறியது. இடப்பக்கம் திருப்பினான், அது வலப்பக்கம் சாய்ந்தது. மேலும் இடப்பக்கம் திருப்பினான், மேலும் வலப்பக்கம் சாய்ந்து வேலியில் மோதியது. சுக்கான் எதிர்த்திசையில் அசையுமாறு பூட்டப்பட்டிருந்தது. பெட்டியிலுள்ள ஒரு சிறு ஆளியை மாற்றினால் தீர்ந்துவிடும் பிழை. பறக்கவிடுவதற்கு முன் கோலை அசைத்து, சுக்கான் எப்பக்கம் போகின்றது என்று ஒருமுறை பார்த்திருந்தால் வேலியும் தப்பியிருக்கும், சிறகும் தப்பியிருக்கும்.

அன்று என் வாயில் பழைய வாத்தியார் வந்துவிட்டார். “ஏன் பார்க்காமல் விட்டாய்?” என்று அதட்டினேன். பையன் தலையைக் குனிந்தான். அந்தக் குனிந்த தலையை நான் பாடசாலையில் எத்தனையோ முறை கண்டிருக்கின்றேன். பிழைவிட்ட மாணவனிடம் நானும் ‘ஏன்’ என்று கேட்டவன்தான். ஆனால் அந்த ‘ஏன்’ ஒரு கேள்வியாக இருந்ததில்லை. பதிலுக்கு நான் காத்திருந்ததுமில்லை. அது பிரம்புக்கு முன்னுரையாக இருந்தது. ‘ஏன்’ என்ற சொல்லைக் கேட்டதும் கையை நீட்டப் பழகிய பிள்ளை, தன் பிழையின் காரணத்தை எப்படித் தேடும்? மறைக்கத்தான் தேடும்.

பையனிடம், “நான்தான் பிழையாகக் கேட்டேன். இனிமேல் இது மறக்காமல் இருக்க என்ன செய்யலாம்?” என்று கேட்டேன். அவன் ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டியின் பின்புறத்தில் ஒட்டினான். பாரமையம் சரியா? இறப்பர் பட்டிகள் இறுக்கமா? சுக்கானும் மடலும் சொன்ன பக்கம் அசைகின்றனவா? பற்றரி நிரம்பியுள்ளதா? சில அடி தூரம் நடந்து போய்ப் பார்த்தாலும் அலை கிடைக்கின்றதா? பெட்டியை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கின்றதா? கடைசிக் கேள்வி முக்கியமானது. அலை அறுந்தால் விசிறி நின்றுவிடவேண்டும். அதைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுவதே உத்தமம். மின்விசிறிதானே என்று எண்ணாதீர்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் அந்தச் சிறு தகடு விரலைக் கிழித்துவிடும்.

இன்னொன்றையும் அப்போது கற்றோம். விமானம் நம்மை விட்டு அப்பாற் போகும்போது அதன் வலம் நமக்கும் வலம். நம்மை நோக்கி வரும்போதோ வலமும் இடமும் மாறிவிடும். புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நம்மை நோக்கி வரும் விமானத்தின் எந்தச் சிறகு தாழ்கின்றதோ, அந்தப் பக்கமாகக் கோலைத் தள்ளினால் அது நிமிரும். விழப்போகின்றவனுக்கு முட்டுக்கொடுப்பதுபோல என்று பையனுக்குச் சொன்னேன்.

செப்ரெம்பர் இறுதியில் மூன்றாவது வீழ்ச்சி. பத்து நிமிடத்துக்கு மேல் நன்றாகப் பறந்துகொண்டிருந்தது. திடீரென மோட்டார் நின்றது. தூரத்தில் இருந்த விமானத்தை எப்படியாவது எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பையன் மூக்கை உயர்த்தினான். வேகம் குறைந்தது. சிறகு காற்றைப் பிடிக்கும் வலுவை இழந்து, விமானம் கல்லைப்போல் விழுந்தது.

இம்முறை எவரும் எவரையும் கேட்கவில்லை. பையன் தானே கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டான். பற்றரியின் கொள்ளளவு 2200 மில்லி அம்பியர் மணி. சராசரியாக 11 அம்பியர் செலவானால் முழுவதும் தீர 12 நிமிடம். முழுவதையும் தீர்க்கக் கூடாது, ஐந்தில் நாலு பங்கோடு நிறுத்தவேண்டும். ஆகவே ஒன்பது, ஒன்பதரை நிமிடம். பற்றரி அளவுக்குமீறி வற்றுவதைத் தடுக்க, வேகக் கருவி மோட்டாரை நிறுத்திவிட்டது. அது பழுதன்று, காவல். சுக்கானுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அது மிச்சம் வைத்திருந்தது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றி, நின்ற இடத்திலேயே மெல்ல இறக்கியிருந்தால் ஒரு கீறலும் விழுந்திராது. தூரத்தில் இறங்கினால் நடந்துபோய் எடுக்கலாம். பெட்டியிலே எட்டு நிமிடத்துக்கு மணியடிக்க ஏற்பாடு செய்தான்.

பற்றரியைப் பற்றிப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். இந்த லித்தியம் பற்றரி நெருப்பை உள்ளே அடக்கிய பொருள். அதற்குரிய மின்னேற்றியிலேயே ஏற்றவேண்டும். 2200 அளவுள்ள பற்றரிக்கு 2.2 அம்பியர் போதும். ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ற்றுக்கு மேற் போகலாகாது. சில நாட்கள் வைத்திருப்பதானால் 3.8 வோல்ற் அளவில் வைக்கவேண்டும். கட்டிலிலோ படுக்கையறையிலோ ஏற்றலாகாது. ஏற்றிவிட்டு வெளியே போகவும் கூடாது, நித்திரைக்குப் போகவும் கூடாது. ஊதிப் பெருத்த பற்றரியையும், விழுந்து நசுங்கிய பற்றரியையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. அவற்றை வீட்டுக் குப்பையில் போடாமல், பற்றரி சேகரிக்கும் இடத்தில் கொடுக்கவேண்டும்.

இவ்வாறு எல்லாம் சரியாகி வந்த வேளையில், விமானத்தோடு தொடர்பில்லாத நான்காவது தடை ஒன்று வந்தது. 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் நியூஜேர்சி வானத்தில் இனந்தெரியாத ஆளில்லா விமானங்கள் பறப்பதாக எங்கும் ஒரே பேச்சு. தொலைக்காட்சியிலும் அதே செய்தி. மாநிலத்தின் பல இடங்களுக்கு மேலே ஆளில்லா விமானங்கள் பறப்பதற்கு டிசம்பரில் தற்காலிகத் தடையும் விதிக்கப்பட்டது. தம்பி அன்றே விமானத்தை எடுத்து நிலவறையில் வைத்துப் பூட்டிவிட்டான். “அண்ணை, எங்களுக்கு உந்த வீண்வம்பு வேண்டாம். ஆரும் பார்த்துப் பொலிசுக்குச் சொன்னால், எங்கடை பேரையும் நிறத்தையும் பார்த்து என்ன நினைப்பாங்கள்?” என்றான். பையன் ஒன்றும் பேசாமல் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கோடை முழுவதும் திறந்திருந்த கதவு அது.

தம்பியின் அச்சத்தை நான் இகழமாட்டேன். அகதியாய் வந்தவன் அதிகாரத்தின் கண்ணில் படாமல் வாழப் பழகியவன். ஆனால் விழுந்த விமானத்துக்குக் காரணம் தேடியதுபோல அச்சத்துக்கும் காரணம் தேடலாமல்லவா? டிசம்பர் 16ஆம் திகதி சமஷ்டி அரசின் பாதுகாப்பு, விமானப் போக்குவரத்து அமைப்புகள் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. பொதுமக்களிடமிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தகவல்கள் வந்ததாகவும், அவற்றுள் நூறளவானவையே மேற்கொண்டு ஆராயத் தக்கவையாக இருந்ததாகவும் அது சொல்லிற்று. மக்கள் கண்டவற்றில் சட்டப்படி பறந்த ஆளில்லா விமானங்களோடு, சாதாரண விமானங்களும் ஹெலிகொப்ரர்களும் இருந்தன. வானத்து நட்சத்திரங்களும் இருந்தன! அஞ்சுகின்றவன் கண்ணுக்கு நட்சத்திரமும் எதிரியாகும். இது எம்மவருக்கு மட்டும் உள்ள நோயன்று.

அறிக்கையை வாசித்த பின், சட்டம் என்ன சொல்கின்றது என்பதைத் தம்பியையே அருகில் இருத்தி வாசித்தோம். அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேற்பட்ட பொழுதுபோக்கு விமானங்களை விடுபவர், சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் பதிவுசெய்யவேண்டும். கட்டணம் 5 டொலர், மூன்றாண்டுக்குச் செல்லும். பதின்மூன்று வயது நிரம்பியவர் தாமே பதியலாம். பதிவிலக்கத்தை விமானத்தின் வெளிப்புறத்தில் எழுதவேண்டும். ஓர் இலவசப் பாதுகாப்புத் தேர்வையும் முடித்துச் சான்றிதழைக் கையில் வைத்திருக்கவேண்டும். விமானம் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்கவேண்டும். கட்டுப்பாடற்ற வான்பரப்பில் 400 அடிக்கு மேற் போகக்கூடாது. நூவாக் போன்ற விமான நிலையங்களைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு வான்பரப்பில் முன் அனுமதி வேண்டும். ஆட்கள் ஏறிய விமானம் வந்தால் வழிவிட்டு ஒதுங்கவேண்டும். 2023 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, பதிவுசெய்யவேண்டிய விமானம் தன் அடையாளத்தை அலைமூலம் அறிவிக்கவேண்டும். அல்லது அதற்கென அங்கீகரிக்கப்பட்ட மைதானத்தில் பறக்கவேண்டும். வேறு நாடுகளில் வாழும் வாசகர்கள் தத்தம் நாட்டு விதிகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வாசித்து முடித்ததும் தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இது களவில்லை” என்றான். அந்த ஒரு சொல்லில் அவன் சுமந்துகொண்டிருந்த முழுப் பாரமும் எனக்குத் தெரிந்தது.

2025 வசந்தகாலத்தில், பையன் தேர்வை முடித்து, பதிவிலக்கத்தைக் கறுப்பு மையால் வாலில் எழுதினான். அங்கீகரிக்கப்பட்ட மைதானம் உள்ள ஒரு சங்கத்தில் அவனைச் சேர்த்தோம். மாதிரி விமானக்காரருக்கு இந்நாட்டில் 1936இலிருந்து ஒரு தேசிய அமைப்பே உண்டு. அதன் தலைமையகம் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் இருக்கின்றது. எங்கள் மைதானத்திலும் அந்த மரபில் வந்த முதியவர்கள் சிலர் இருந்தார்கள். பையனின் விமானத்தை முதலில் வாங்கி விரல் நுனிகளில் வைத்துப் பார்த்தார் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். தம்பி என்னைப் பார்த்தான். நான் தம்பியைப் பார்த்தேன்.

அன்று எறிந்தவன் தம்பி. பட்டம் ஏற்றும்போது எடுத்துவிடுவானே, அப்படியே காற்றுக்கு எதிரே நின்று, கையைத் தலைக்குமேல் உயர்த்தி விட்டான். விமானம் நேராகப் போய், சாய்ந்து திரும்பி, எங்கள் தலைக்கு மேலால் வந்தது. எரிபொருள் எஞ்சினின் உறுமல் அதில் இல்லை. தூரத்துப் பட்டத்தில் விண் கூவுவதுபோல மெல்லிய ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது.

தம்பியின் தோள்களை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவை ஒடுங்கவில்லை. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு நிமிடத்து மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் எல்லோரும் விமானம் செய்யவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சமையலாக இருக்கலாம், வயலினாக இருக்கலாம், கணிதமாக இருக்கலாம். எதைச் செய்தாலும் ஒருநாள் அது விழும். விழும்போது ‘நான் சொன்னனான்தானே’ என்பது எங்கள் வாய்க்கு மிகச் சுலபமாக வரும் சொல். அதை விழுங்கிவிட்டு, விழுவதற்கு முன் அது என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டபின் பதிலுக்குக் காத்திருங்கள். இரண்டாவதுதான் கடினம். முப்பது ஆண்டு பிந்தியேனும் அதை நான் கற்றேன்.

பெறாமகன் இப்போது இரண்டாவது விமானம் கட்டுகின்றான். சிறகின் வளைவைப் பற்றி அவனுக்கும் தகப்பனுக்கும் நேற்றிரவு பெரிய வாக்குவாதம். கதவு திறந்தேயிருந்தது.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.